லிட்டர் பெட்டியைப் பூனை ஒதுக்கும்போது: ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பு

நேற்றுவரை ஒழுங்காக லிட்டர் பெட்டிக்குள், அதாவது கழிவுக்கென்று மணல் போட்டு வைத்த பெட்டிக்குள், போய்க்கொண்டிருந்த பூனை இன்று மெத்தை நடுவில் ஈரம் வைத்திருக்கிறது. உடனே வீட்டில் மூன்று காரியம் நடக்கும்: பூனைக்குத் திட்டு, பெட்டிக்குப் புது மணல், பெட்டிக்குப் புது இடம். மூன்றும் ஒரே மாலையில் முடிந்துவிடுவதால், அதற்குப் பிறகு எது சரியாக்கியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது.

இந்தக் குறிப்பு அதற்கு நேர்மாறான வழி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி பதிவு. இன்னொரு விதியும் உண்டு: பழையதை எடுக்காதீர்கள், பக்கத்தில் புதியதைச் சேருங்கள். எதை விரும்புகிறது என்பதைப் பூனையே காட்டிவிடும்.

இந்தப் பிரச்சினையில் மூன்று அடுக்கு இருக்கிறது. முதலில் ஒரு காரணம்: வலி, அழுக்கு, பயம், இடுக்கான பெட்டி. அதிலிருந்து வருவது வெறுப்பு. “அங்கே போனால் வலிக்கும்” என்று பெட்டியோடு சேர்த்தே பூனைக்குப் பதிந்துவிடுகிறது. மூன்றாவது, வெளியே கண்டுபிடித்த புது இடம் பழகிப்போவது. காரணத்தை மட்டும் சரிசெய்துவிட்டு “எல்லாம் செய்தாயிற்று, இன்னும் வெளியேதான் போகிறது” என்பவர்கள்தான் அதிகம். முள்ளை எடுத்தாலும் நொண்டல் சில நாள் இருக்கும். அந்த நொண்டலுக்குத் தனி வேலை செய்ய வேண்டும்.

எதற்கும் முன்னால்

ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய், குந்தி முக்கி, ஒன்றும் வராமல் அல்லது சொட்டுச் சொட்டாக வந்து, கத்திக்கொண்டோ அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டோ இருந்தால் இந்தக் குறிப்பை மூடிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். நள்ளிரவாக இருந்தாலும் சரி. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண் பூனைக்கு மிகக் குறுகியது. படிகமோ சளிக்கட்டியோ அதை அடைத்தால் சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு குலையும். ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்து நேரத்தை வீணாக்குகிறார்கள். முக்குவது மட்டுமே தெரிந்து, எதற்காக முக்குகிறது என்று தெரியாவிட்டால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிக்காக மனிதர் சாப்பிடும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

முதல் நாள்: தடயம் எடுப்பது

வேண்டியவை: ஒரு நோட்டு, அளவுநாடா, யூவி (புற ஊதா) டார்ச், ஒட்டிப் பிரிக்கக்கூடிய பேப்பர் டேப். டார்ச் 365 நானோமீட்டர் வகையாக இருந்தால் நல்லது. 395 வகை ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டுவதால் கறை தெரிவது மங்கும். எந்த வகையானாலும் சோப்புத்தூள் மிச்சமும் துணிப் பிசிறும் சேர்ந்தே ஒளிரும். மூக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில், விளக்கை அணைத்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் டார்ச்சைப் பிடித்து மெதுவாக நகர்த்தினால் பழைய சிறுநீர் மங்கலான மஞ்சள்பச்சையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் டேப்பால் சுற்றி அடையாளம் போடுங்கள். ஒரு இடம்தான் என்று நினைத்த வீட்டில் நாலைந்து இடம் அகப்படுவது வழக்கம்.

இப்போது ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி. தரையிலா, சுவரிலா? எவ்வளவு? தொட்டால் எப்படிப்பட்ட பரப்பு?

சுவரிலோ சோபாவின் பக்கவாட்டிலோ, தரையிலிருந்து சுமார் ஒரு சாண் உயரத்தில் தொடங்கிக் கீழே வழிந்திருந்தால் அது பீய்ச்சல். பூனை நின்றபடி, வாலை நிமிர்த்தி நுனியை நடுக்கிக்கொண்டு, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சிறிதளவு அடித்திருக்கும். எல்லை குறிக்கும் வேலை அது. பெட்டிமீது கோபம் ஒன்றுமில்லை, பெட்டியையும் வழக்கம்போல் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அதற்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது.

தரையில், குளம்போல், வழக்கமான அளவில் இருந்தால் அது உண்மையான பெட்டி ஒதுக்கல். பரப்பு எதுவென்று பாருங்கள்:

மெத்தை, அழுக்குத் துணிக் குவியல், மிதியடி என்றால் மென்மையைத் தேடுகிறது. பெட்டி மணல் பருமனாக, கூர்மையாக இருக்கலாம். அல்லது பாதம், மூட்டு, சிறுநீர்ப்பை எங்கோ வலி.

வாஷ்பேசின், குளியல் தொட்டி, வழவழ டைல் என்றால் மணல் காலில் படுவதே பிடிக்கவில்லை. சிறுநீர்ப்பை அழற்சி உள்ள பூனைகளும் அடிக்கடி இப்படிச் செய்யும்.

செடித்தொட்டி என்றால் மண் பழக்கம். வெளியே வளர்ந்து வீட்டுக்கு வந்த பூனைகளிடம் இது சாதாரணம், சரிசெய்வதும் சுலபம்.

பெட்டிக்கு ஒட்டினாற்போல், அரையடி தள்ளி என்றால் நல்ல செய்தி. இடம் பிடித்திருக்கிறது, பெட்டியில்தான் ஏதோ கோளாறு.

சிறுநீர் உள்ளே, மலம் மட்டும் வெளியே என்றால் மலம் கழிக்கும்போது வலி, அல்லது ஒரே பெட்டியில் இரண்டையும் செய்ய மனமில்லை. பல பூனைகள் இரண்டுக்கும் இரண்டு பெட்டி கேட்கும். நீள முடிப் பூனையானால் பின்புற முடியில் காய்ந்த மலம் ஒட்டி இழுக்கிறதா என்று வாலைத் தூக்கிப் பாருங்கள்.

அடுத்து, பூனை பெட்டிக்குள் போகும்போது தூரத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நிம்மதியான பூனை உள்ளே போய் மோந்து, குழி பறித்து, திரும்பி உட்கார்ந்து, முடித்ததும் மோந்து பார்த்து மூடும். வெறுப்புள்ள பூனையின் முன்னங்கால் இரண்டும் பெட்டி விளிம்பில் ஏறி நிற்கும். மணலில் படுவது பின்னங்கால் மட்டும். பறிக்காது. முடித்ததும் மணலை மூடுவதற்குப் பதில் பெட்டிச் சுவரையோ பக்கத்துத் தரையையோ சுரண்டும். பாதத்தை உதறிக்கொண்டு பாய்ந்து வெளியேறும். இப்படி விளிம்பில் நிற்கும் பூனை இன்னும் உள்ளேதான் போகிறது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. வெளியே போகத் தொடங்குவதற்கு முந்தைய படம் அது.

உடம்பைச் சரிபார்ப்பது

எல்லாத் தடயமும் பெட்டியைக் காட்டினாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். இளம், நடுவயதுப் பூனைகளில் அதிகம் வருவது கிருமியே இல்லாத சிறுநீர்ப்பை அழற்சி. மன அழுத்தம் அதைத் தூண்டும். இந்த வயதில் கிருமித் தொற்று குறைவு என்பதால் “யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்” என்று பரிசோதிக்காமல் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. அடைப்பில்லாத அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அந்த வாரத்தில் நீங்கள் மாற்றிய மணலுக்கோ, தெளித்த ஸ்ப்ரேக்கோ நல்ல பெயர் கிடைத்துவிடும். இரண்டு மாதம் கழித்து மறுபடி வரும்போது அதே மணல் வேலை செய்யாது. நோட்டில் தேதி இருந்தால் இந்தச் சுற்று கண்ணில் படும்.

வயதான பூனையில் பட்டியல் வேறு: நாள்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு. மூன்றிலும் சிறுநீர் அளவு ஏறும். அதே பெட்டி, அதே சுத்தம், ஆனால் இரண்டு மடங்கு ஈரம். பூனைக்கு அது அழுக்குப் பெட்டிதான். மூட்டுத் தேய்மானத்தையும் மறக்காதீர்கள். 12 வயதைத் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றின் எக்ஸ்ரேயில் அது தெரியும். நொண்டாது, குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 18 செ.மீ உயர விளிம்பைத் தாண்டுவது அதற்குப் பெரிய வேலை.

மாதிரி எடுக்க: பெட்டியை நன்றாகக் கழுவி, அலசி, உலர்த்துங்கள். மணலுக்குப் பதில் வெந்நீரில் கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லை இரண்டு விரற்கடை போடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சாது. பூனை போனதும் பெட்டியைச் சாய்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மி.லி எடுத்து, சுத்தமான மூடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, அன்றே ஒப்படைத்துவிடுங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் கிருமி பெருகும்; குளிரில் வைத்தாலும் நேரமானால் படிகங்கள் புதிதாகத் தோன்றி முடிவைக் குழப்பும். மருத்துவர் ஊசி வழியே சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுப்பதாகச் சொன்னால் இன்னும் நல்லது. கிருமி வளர்த்துப் பார்க்க அந்த மாதிரிதான் வேண்டும்.

இதற்கிடையே தினமும் எண்ணிக்கை எழுதுங்கள். கட்டிபிடிக்கும் மணலில் நலமான பூனைக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் நாலு சிறுநீர்க் கட்டி, ஒருமுறை மலம் என்பது பொதுவான கணக்கு. கட்டியின் குறுக்களவை ஸ்கேலால் அளந்து குறித்துவையுங்கள். சின்னச் சின்னக் கட்டியாக எண்ணிக்கை ஏறினால் அழற்சியின் பக்கமும், பெரிய கட்டியாக ஏறினால் சிறுநீரகம், சர்க்கரை பக்கமும் சந்தேகம் போகட்டும். மருத்துவருக்கு இந்த ஒரு பக்க நோட்டு அரை மணிநேரப் பேச்சைவிட உதவும்.

கறையைக் கழிப்பது

வெளியே இருக்கும் வாடை போகாமல் உள்ளே எதை மாற்றினாலும் பயனில்லை. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்றொரு கந்தக அமினோ அமிலம் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது அவ்வளவாக மணக்காது. நாளாக ஆக அது உடைந்து கந்தகச் சேர்மங்களை விடும். அதனால்தான் “துடைத்தாயிற்றே” என்று நினைத்த இடம் மூன்றாம் நாள் நாறுகிறது, மழைநாளில் இன்னும் கூடுகிறது.

ஈரமாக இருந்தால் தேய்க்காதீர்கள். மடித்த பழைய துண்டை வைத்து, அதன்மேல் ஏறி நின்று, இரண்டு மூன்று துண்டு மாற்றி உறிஞ்சி எடுங்கள். பிறகு குளிர்ந்த நீர் ஊற்றி மறுபடி அதேபோல். அதன்பின் என்சைம் கிளீனர், அதாவது கறையை உடைக்கும் நொதி கலந்த திரவம். தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: மேலே நாலு முறை ஸ்ப்ரே அடித்துத் துடைத்துவிடுகிறார்கள். சிறுநீர் கம்பளத்தைத் தாண்டி அடியிலுள்ள ஸ்பாஞ்ச்வரை போயிருக்கும். திரவமும் அங்கே போயாக வேண்டும். கறையின் ஓரத்திலிருந்து 10 செ.மீ வெளியே வரை ஊற்றி நனைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு 12 முதல் 24 மணி நேரம் உலராமல் வையுங்கள். உலர்ந்த நிமிடத்தோடு என்சைமின் வேலையும் நின்றுவிடும். பிறகு காற்றில் காயவிட்டு, யூவி டார்ச்சையும் மூக்கையும் வைத்துச் சரிபாருங்கள். மெத்தையானால் இரண்டு மூன்று சுற்று ஆகும்.

முன்பே சோப்போ கிருமிநாசினியோ போட்ட இடமானால் முதலில் வெறும் நீரால் பலமுறை அலசுங்கள். மிச்சமிருப்பது என்சைமைக் கெடுக்கும். நீராவி கிளீனர் வேண்டாம், சூடு வாடையை இழைக்குள் பதித்துவிடும். அம்மோனியா கலந்த கிளீனர் வைத்தால் “இங்கே ஏற்கெனவே ஒருவர் போயிருக்கிறார்” என்று பூனைக்குத் தகவல் சொல்வதுபோல் ஆகும். பிளீச்சிங் திரவம் சிறுநீரோடு சேர்ந்தால் குளோரமைன் புகை வரும். மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை. ஃபினாயில், டெட்டால் வகையறா பூனை நடக்கும் இடத்திலேயே கூடாது. ஃபீனால் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாகக் கழிக்க முடியாது, பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்.

பெட்டி: அளந்து செய்வது

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது பெட்டியைப் பெரிதாக்குவது. ஆனாலும் எல்லாரும் கடைசியில்தான் அதற்கு வருகிறார்கள். கடையில் “பூனைப் பெட்டி” என்று விற்பதில் பெரும்பகுதி வளர்ந்த பூனைக்குச் சிறியது. உள்ளே திரும்ப முடியாத பூனை விளிம்பில்தான் நிற்கும்.

அளவு: பூனையின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து ஒன்றரையால் பெருக்குங்கள். 48 செ.மீ பூனைக்கு 72 செ.மீ நீளம். அகலம் பூனை நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் சுகமாகத் திரும்பும். இதற்குத் துணி அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் டப்பாதான் சரியான கச்சாப் பொருள்: சுமார் 75 × 48, உயரம் 35 முதல் 40 செ.மீ.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். வளையும், வெட்டத் தோதானது. 6 என்றால் பாலிஸ்டைரீன். கண்ணாடிபோல் தெளிவாக அழகாக இருக்கும், ரம்பம் பட்டதும் விரிசல் ஓடிவிடும். அதை விட்டுவிடுங்கள்.

வாசல் நீளப் பக்கத்தின் ஒரு முனையில் இருக்கட்டும். பூனை உள்ளே நுழைந்து, ஆழமான மறுமுனைக்குப் போய்த் திரும்பும். பின்புறம் உயரச் சுவர் பக்கம் வரும். நின்றுகொண்டே போகும் பூனை வெளியே அடிக்காமல் தடுப்பதும் இதுதான். அகலம் 22 செ.மீ. அடிவிளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. குட்டிக்கும் வயதான பூனைக்கும் 6 செ.மீ.

வெட்டும் இடம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போடுங்கள். கீழ் மூலை இரண்டிலும் முதலில் 10 மி.மீ துளை போட்டுவிடுங்கள். கூர்மூலை விட்டால் என்றைக்காவது ஒருநாள் அங்கிருந்து பிளாஸ்டிக் கிழியும். வட்டத் துளை அந்த விசையைப் பரப்பிவிடும். ஜிக்‌சா இருந்தால் நுண்பல் பிளேடு, மெது வேகம். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெட்டியதாக நினைத்து இழுத்தால் துண்டு வராது. ஜிக்‌சா இல்லாவிட்டால் கை ஹாக்சா பிளேடு போதும், அரை மணி நேர வேலை.

மேல் விளிம்பை வெட்டி ‘ப’வைப்போல் திறந்து விடலாமா, விளிம்பை விட்டுவிட்டு ஜன்னல்போல் வெட்டலாமா? மூட்டு வலிப் பூனைக்கு மேலே திறந்திருப்பது வசதி. ஆனால் விளிம்புதான் டப்பாவை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதை அறுத்தால் மணல் எடையில் சுவர்கள் வெளியே பிதுங்கும். மற்ற பூனைக்கு மேலே 5 செ.மீ விட்டு ஜன்னல் வெட்டுவதே நல்லது.

ஓரத்தைக் கத்தியால் சரிவாகச் சீவி, 120 எண் உப்புத்தாள், பிறகு 220. உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், உங்கள் தோலில் மாட்டினால் பூனை வயிற்றிலும் மாட்டும். ஓரத்துக்கு ரப்பர் பீடிங் செருகலாம். பசை வாங்கி நேரத்தைப் போக்காதீர்கள், பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. 3 மி.மீ துளை போட்டு கேபிள் டையால் கட்டி, முடிச்சுத் தலையை வெளிப்பக்கம் வைத்து வெட்டிவிடுங்கள்.

மூடிய பெட்டி எந்தப் பூனைக்கும் ஆகாது என்று சொல்வது மிகை. நன்றாகச் சுத்தமாக வைத்தால் பல பூனைக்கு மூடியதும் ஒன்று, திறந்ததும் ஒன்று. சிக்கல் மனிதர்களிடம்: கண்ணில் படாதது அள்ளப்படாது. உள்ளே பிளாஸ்டிக் உறை விரிப்பதை மட்டும் நிறுத்துங்கள்; நகம் மாட்டி உறை இழுபடுவது பூனைக்கு எரிச்சல்.

எண்ணிக்கை: பூனை எத்தனையோ அதைவிட ஒன்று கூட, இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி. மூன்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டி.

மணல்: பக்கத்துப் பக்கத்துச் சோதனை

வாசனையில்லாத, பொடிமணி, கட்டிபிடிக்கும் பென்டோனைட் களிமண் வகையில் தொடங்குங்கள். பெரும்பாலான பூனைகள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். லாவெண்டர் மணம் மனிதருக்காகச் சேர்ப்பது. இரண்டு மாதத்துக்கும் குறைவான குட்டிக்குக் கட்டிபிடிக்காத வகை. அது மணலைத் தின்று பார்க்கும்.

ஆழம் 5 முதல் 7 செ.மீ. குறைந்தால் சிறுநீர் அடித்தளத்தில் பட்டுப் பசைபோல் ஒட்டும், அள்ளும்போது கட்டி உடையும், உடைந்த துகள் நாறும். அடித்தளம் 65 × 38 இருக்கும் டப்பாவில் 6 செ.மீ ஆழத்துக்குச் சுமார் 15 லிட்டர் வேண்டும். ஒரு பையில் முடியாதே என்று பாதி போடுவதுதான் பெரிய பெட்டி தோற்கும் வழி. 6 செ.மீ வாசல் வைத்த பெட்டியில் வாசல் பக்கம் 3 செ.மீ, மறுமுனையில் 7 செ.மீ என்று சரிவாகக் கொட்டி, வெளியே மிதியடி போட்டுவிடுங்கள்.

பிடிக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். ஒரே மாதிரிப் பெட்டி இரண்டை அரை மீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டில் வேறு வேறு மணல் போட்டு, பத்து நாள் எண்ணுங்கள். ஐந்தாம் நாள் பெட்டிகளை இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் மணலைத் தேர்கிறதா, மூலையைத் தேர்கிறதா என்று தெரியாது. வழவழப்பைத் தேடும் பூனைக்கு இரண்டாம் பெட்டி வெறுமையாகவோ, ஒரு பிடி மணலோடோ இருக்கட்டும். செடித்தொட்டிப் பூனைக்கு மணல்மேல் ஒரு விரற்கடை மண் தூவி, வாரத்துக்கு வாரம் குறையுங்கள். செடித்தொட்டியில் உள்ளங்கை அளவுக் கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள்.

காலையும் மாலையும் அள்ளுங்கள். கட்டிபிடிக்கும் மணலை இரண்டு முதல் நாலு வாரத்தில் முழுதாகக் கொட்டி, மிதமான பாத்திர சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். நகக் கீறல் நிறைந்த பழைய பெட்டி எவ்வளவு தேய்த்தாலும் மணக்கும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுவது வேறொருவர் வேலை. பூனை மலத்தில் வரக்கூடிய, கருவுக்கு ஆபத்தான டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினம் அள்ளுவதன் இன்னொரு லாபம் அது.

இடம்

பெட்டியின் உயரத்தில் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். யாராவது வந்தால் தெரியுமா? தப்பிக்க இரண்டு வழி உண்டா? துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்த பெட்டி ஆறு மாதம் நன்றாக ஓடி, ஒருநாள் பூனை உள்ளே இருக்கும்போது ஸ்பின் தொடங்கியதோடு முடிந்துபோகும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் ஆகாது.

பல பூனை வீட்டில் சண்டைச் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பூனை கதவோரம் சும்மா படுத்திருக்கும். பார்க்கச் சோம்பல்போல் இருக்கும். பெட்டிக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. மற்றது பாதிவழி வந்து, அதன் பார்வையைச் சந்தித்து, திரும்பிப் போய் மெத்தையில் முடிக்கும். குற்றவாளி என்று நாம் பிடிப்பது பாதிக்கப்பட்டதை. யார் வெளியே போகிறது என்று தெரியாவிட்டால் மலிவான கேமரா ஒன்று போதும். மலத்துக்கு இன்னொரு வழி: நச்சில்லாத மெழுகு கிரேயானைத் துருவி, ஒரு பூனையின் உணவில் ஒரு நிறமாகச் சிறிது கலந்துவிட்டால் நிறம் வெளியே வரும்.

பீய்ச்சல்

கருத்தடை செய்யாத பூனையானால் முதல் சிகிச்சை அதுவே. செய்த பிறகும் ஆண்களில் சுமார் 10 சதவீதமும் பெண்களில் 5 சதவீதமும் பீய்ச்சும். அவற்றில் பாதிக் கதை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அந்நியப் பூனை. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் ஃபிலிம் ஒட்டுங்கள், கதவோரக் கறையை என்சைமால் கழியுங்கள், பக்கத்தில் சுரண்டும் கம்பம் வையுங்கள். பூனையை அமைதிப்படுத்தும் வாசனைச் சேர்மத்தை அறையில் பரப்பும் ஃபெரோமோன் டிஃப்யூசரை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்து உண்டு, அது மருத்துவர் கையில்.

திரும்பப் பழக்குவது

காரணம் போய்விட்டது, கறையும் போய்விட்டது, பூனை இன்னும் தயங்குகிறது. வெறுப்பு பழைய பெட்டியோடு ஒட்டியிருப்பதால் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில், வேறு மணலோடு ஒரு புதுப் பெட்டியைச் சேருங்கள். பூனை தேர்ந்தெடுத்த கெட்ட இடத்திலேயே அதை வையுங்கள், கூடம் நடுவாக இருந்தாலும் சரி. தொடர்ந்து இரண்டு வாரம் அதில் போனபின் தினம் 3 முதல் 5 செ.மீ நகர்த்துங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும். கழித்துவிட்ட மற்ற இடங்களில் சோற்றுத் தட்டையோ படுக்கையையோ வைத்தால் அவற்றின் பொருள் பூனைக்கு மாறிவிடும்.

வீடு முழுக்கப் போகும் பூனையை ஒரு சிறிய அறையில் பெட்டி, தண்ணீர், உணவு, படுக்கை, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி வைத்து விடுங்கள். தண்டனையாக அல்லாமல், நீங்களும் அடிக்கடி போய் உட்காருங்கள். பெட்டியும் உணவும் எதிரெதிர் மூலையில். ஒரு வாரம் தவறாமல் போனால் இன்னொரு அறையைத் திறங்கள், பிறகு இன்னொன்று. தவறு நடந்தால் கடைசியாகத் திறந்த அறையை மட்டும் மூடுங்கள்.

மூக்கைத் தேய்ப்பதும் பெட்டிக்குள் தூக்கிப்போய் அமுக்குவதும் செய்யாதீர்கள். உங்களையும் பெட்டியையும் சேர்த்துப் பயப்படத்தான் அது கற்றுக்கொடுக்கும். அடுத்த முறை நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும்.

பெட்டியை நகர்த்தும்போது ஒரு நாள் பழைய இடத்திலேயே ஈரம் தெரிந்தால் நகர்த்துவதை நிறுத்தி, நோட்டைப் பின்னால் புரட்டி, கடைசியாக ஒழுங்காகப் போன நாளில் பெட்டி எங்கே இருந்தது என்று பாருங்கள். அங்கே திரும்ப வைத்துவிட்டு இன்னொரு வாரம் காத்திருங்கள்.